டேட்டா மீட்டிங்கில் பார்த்த பேய்கள்

டல்லாஸ் பக்கம், ஐந்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர்:

அக்டோபர் கடைசி வாரம் வந்தாச்சு. எங்கள் ஸ்கூலில் பூசணிக்காயும் டேட்டாவும் ஒன்றாகத்தான் வரும். ஆகஸ்டில் திறந்து, வருஷத்தின் முதல் சுற்றுக் கணினித் தேர்வு முடிந்து, முதல் ஒன்பது வாரத்துக்குக் கிரேடும் போட்டு முடிக்கும்போது, பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கும் ஹாலோவீன் சரியாக வந்து நிற்கும். உங்கள் ஸ்கூல் மென்பொருளில் நீங்கள் பார்த்த பேய்க்கதைகளைச் சொல்லுங்கள், டீச்சரோ பெற்றோரோ யாராக இருந்தாலும் சரி. நான் ஆரம்பித்து வைக்கிறேன்.

போன வருஷம் 31ஆம் தேதி சாயங்காலம், பிள்ளைகளின் மார்க்கை அலசும் டேட்டா மீட்டிங். பிரின்ஸிபல் வாழைப்பழ வேஷத்தில் வந்திருந்தார். நான் சூனியக்காரித் தொப்பியோடு உட்கார்ந்திருந்தேன். திரையில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கட்டம் கட்டமாக என் வகுப்பு, பின்தங்கிய பிள்ளை என்றால் சிவப்பு. வாழைப்பழம் ஒரு சிவப்புக் கட்டத்தைத் தொட்டுக் காட்டி, ரொம்ப சீரியஸாக, "இந்த மாணவிக்கு என்ன திட்டம் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டது. அந்தப் பெண் செப்டம்பர் இரண்டாவது வாரமே குடும்பத்தோடு ஹூஸ்டன் போய்விட்டாள். வகுப்பில் அவள் நாற்காலியில்கூட வேறு பையன் உட்கார ஆரம்பித்திருந்தான். ஆனால் மென்பொருளில் அவள் தினமும் வீட்டுப்பாடம் செய்யாமல் பூஜ்யம் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். மற்ற 19 பேரின் சராசரி 80 என்றால், இருபதாவதாக ஒரு பூஜ்யம் சேர்ந்ததும் அது 76. இல்லாத பிள்ளை ஒருத்தி என் வகுப்பையே நாலு மார்க் கீழே இழுத்துவிட்டாள்! வாரம் மூன்று நாள் அவளுக்குச் சிறப்பு வகுப்பு என்று மென்பொருளே நேரமும் ஒதுக்கி வைத்திருந்தது.

காரணம் ரொம்பச் சாதாரணம். ஆபீஸில் இருக்கும் மாணவர் பதிவு மென்பொருளிலிருந்துதான் பெயர்ப் பட்டியல் ராத்திரியோடு ராத்திரியாக மற்ற மென்பொருள்களுக்குப் போகும். பிள்ளை விலகிய தேதியை அங்கே யாரும் போடவில்லை என்றால் அது எல்லா இடத்திலும் உயிரோடு உலவும். அங்கே திருத்தாமல் மற்றதில் மட்டும் திருத்தினால் மறுநாள் காலை பேய் திரும்ப வந்துவிடும். நான் மூன்று தடவை அழித்துப் பார்த்துவிட்டுத்தான் இதைக் கண்டுபிடித்தேன்.

நியூ ஜெர்சி, இரண்டு பிள்ளைகளின் அம்மா:

டீச்சர், உங்களுக்கு இல்லாத பிள்ளை, எங்களுக்கு ஒரே பிள்ளை இரண்டாக வந்தது. நம் ஊர்ப் பெயர்க் கணக்குதான் தெரியுமே. பெரியவள் பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் குடும்பப் பெயர் இடத்தில் ஏறிவிட்டது, தன் பெயர் இடம் காலி. அப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் தெரியாது என்பதற்கு "எப்என்யு" என்று மூன்று எழுத்தைப் போட்டுவிடுவார்கள். ஸ்கூலில் சேர்த்தபோது ஒருவர் விசாவைப் பார்த்து ஏற்றியிருக்கிறார், இன்னொருவர் நான் கையால் எழுதிக் கொடுத்த படிவத்தைப் பார்த்து ஏற்றியிருக்கிறார். வாசிப்புத் தேர்வு மார்க் ஒருத்தி பேரில், கணக்கு மார்க் இன்னொருத்தி பேரில். இரண்டு பேருமே பாதித் தேர்வு எழுதாதவர்கள் என்று எனக்கு இரண்டு மின்னஞ்சல் வந்தது.

முதல் நாள் வருகை எடுத்த டீச்சர் "ஃப்னூ, ஃப்னூ" என்று கூப்பிட்டிருக்கிறார், இவள் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா உட்கார்ந்திருந்தாளாம். அந்த வருஷ ஹாலோவீனுக்கு என்ன வேஷம் வேண்டும் என்று கேட்டதற்கு, வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு, "நான்தாம்மா ஃப்னூ" என்றாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சேர்க்கும்போது வீட்டில் என்ன மொழி என்று கேட்பார்கள். தமிழ் என்று எழுதினால் ஆங்கிலம் எவ்வளவு தெரியும் என்று ஒரு சின்னத் தேர்வு வைப்பார்கள். சில பேர் அதற்குப் பயந்து ஆங்கிலம் என்று எழுதச் சொன்னார்கள். நான் தமிழ் என்றுதான் எழுதினேன். தேர்வு வைத்தார்கள், தேறிவிட்டாள், முடிந்தது. அதற்குப் போய்ப் பொய் எழுதணுமா?

சியாட்டில் பக்கம், மூன்றாம் வகுப்புப் பையனின் அப்பா:

நான் பயந்தது வேறு விதம். பையன் எழுதியது மேப் குரோத் என்ற கணினித் தேர்வு. வீட்டுக்கு வந்து "பாதிக் கேள்வி தப்பு அப்பா" என்றான், முகத்தில் ஒரு வருத்தமும் இல்லாமல். அப்புறம் அறிக்கை வந்தது, அதில் 62 என்று இருந்தது. நான் படித்த காலத்தில் கணக்கில் 62 வாங்கினால் வீட்டுக்குள் பின் வாசல் வழியாகத்தான் வர வேண்டும். டீச்சருக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதி, டியூஷன் விசாரித்து, மனைவியிடம் திட்டும் வாங்கி, இவ்வளவும் ஆன பிறகு டீச்சரைப் பார்க்கும் நாள் வந்தது, ஹாலோவீனுக்கு முந்தைய நாள். அவர் மேஜையில் ஒரு வாளி மிட்டாய். அதை வைத்தே விளக்கினார். நாடு முழுக்க இவனை மாதிரி மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளில் 100 பேரை, கிடைத்த மிட்டாய் எண்ணிக்கைப்படி வரிசையில் நிறுத்தினால், இவன் ஏறக்குறைய 62 பேரைத் தாண்டி நிற்கிறான், அவ்வளவுதான், இது மார்க் இல்லை என்றார். பாதிக் கேள்வி தப்பாவதும் இந்தத் தேர்வின் இயல்பாம். சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும், தப்பானால் எளிதாகும், அதனால் கெட்டிக்காரப் பிள்ளையும் சுமாரான பிள்ளையும் கடைசியில் பாதிக்குப் பாதி தப்புப் பண்ணித்தான் எழுந்திருக்கும்.

பையன் பக்கத்திலேயே இருந்தான். "அப்போ எனக்கு முன்னால் நிற்கிற 38 பேர் எந்தத் தெருவுக்குப் போனார்கள்?" என்று கேட்டான். மறுநாள் ராத்திரி என்னை இரண்டு தெரு அதிகமாக நடக்க வைத்துவிட்டான்.

வர்ஜீனியா, தேர்வு ஒருங்கிணைப்பாளர்:

மேலே எழுதிய சார், உங்கள் பையன் பிழைத்துக்கொள்வான். நான் மறுபக்கம் உட்கார்ந்திருப்பவள். எங்கள் ஸ்கூலில் ஒரு வருஷம், தேர்வு நாளில் வராமல் விட்டுப்போன பிள்ளைகளுக்கு மறுதேர்வை ஹாலோவீன் அன்று காலையில் வைத்தோம். வைத்தவள் நான்தான், வேறு யாரையும் சொல்ல முடியாது, தேர்வுக் காலம் அன்றோடு முடிகிறது என்ற பதற்றம். காற்றடைத்த டைனோசர் வேஷத்தில் ஒரு பையன் வந்தான், வயிறு மேஜைக்குள் போகவில்லை, தேர்வு எழுதும் க்ரோம்புக் மடிக்கணினி அவன் கைக்கு எட்டவே இல்லை. எலும்புக்கூடு வேஷம் போட்டவள் கையுறையைக் கழற்ற மாட்டேன் என்று அடம், கையுறையோடு தொட்டால் க்ரோம்புக்கில் அம்புக்குறி நகரவில்லை. பத்தரைக்கு வேஷ ஊர்வலம் என்று எல்லோருக்கும் தெரியும். கேள்வியைப் படிக்காமல் டக் டக் என்று தட்ட ஆரம்பித்தார்கள். மேப் குரோத்தில் அப்படி ஊகித்துத் தட்டினால் தேர்வு தானாக நின்று மேற்பார்வையாளர் திரைக்குச் செய்தி வரும். ஒரு நேரத்தில் என் திரை முழுக்க அந்தச் செய்திதான், தீபாவளிச் சரவெடி மாதிரி ஒன்று முடிவதற்குள் அடுத்தது.

சில பேருக்கு முந்தைய தேர்வை விட மார்க் சரிந்துவிட்டது. நான் அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்தேன்: டைனோசர். அடுத்த வருஷம் புதிதாக வந்த டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, இது ஏதாவது சிறப்புக் கல்விப் பிரிவா என்று கேட்டார்.

மிச்சிகன், அப்பா:

சிரிக்க முடியாத பேய் ஒன்று என்னிடம் இருக்கிறது. 2025 தொடக்கத்தில் பிள்ளையின் ஸ்கூலிலிருந்து ஒரு கடிதம். 2024 டிசம்பரில் மாணவர் பதிவு மென்பொருள் நிறுவனத்திலிருந்து தகவல் திருடு போயிருக்கிறது, அதில் உங்கள் பிள்ளையும் இருக்கலாம் என்று. பெயர், பிறந்த தேதி, முகவரி. பெரிய வெளிநாட்டுக் கும்பல் என்றுதான் நினைத்தேன். கடைசியில் குற்றத்தை ஒப்புக்கொண்டது மாசசூசெட்ஸைச் சேர்ந்த 19 வயதுக் கல்லூரி மாணவர். அவரும் சில வருஷம் முன்பு இதே மாதிரி ஏதோ ஒரு ஸ்கூலின் டேட்டாத் திரையில் சிவப்பு, பச்சைக் கட்டமாக இருந்தவர்தானே என்று தோன்றியது.

வட கரோலினா, இரண்டாம் வகுப்பு டீச்சர்:

நான் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். என் முதல் வருஷம். வாசிப்பு நிலை வாரியாகச் சுவரில் டேட்டா ஒட்ட வேண்டும் என்றார்கள். ஹாலோவீன் என்பதால் அழகாக ஒரு பூசணிக்கொடி வரைந்து, பிள்ளைக்கு ஒரு பூசணிக்காய், நிலை ஏற ஏற காயும் மேலே போகும். பெயர் போடக்கூடாது, 1974 முதலே மாணவர் பதிவுகளுக்குத் தனியுரிமைச் சட்டம் இருக்கிறது, அதனால் எண் போட்டேன். இரண்டே நாளில் எந்த எண் யாருடையது என்று மொத்த வகுப்புக்கும் தெரிந்துவிட்டது. ஏழு வயதுப் பிள்ளைகளிடம் ரகசியம் காப்பதாவது!

ஒரு பையன் தினமும் காலையில் சுவருக்குப் போய் நிற்பான். அவன் காய் அடியிலேயே இருந்தது. ஒரு நாள் என்னிடம் வந்து, "டீச்சர், என் பூசணிக்குத் தண்ணி ஊத்தலையா?" என்றான். அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். மீட்டிங்கில் கேட்டார்கள், சுவர் ஈரம் என்று சொன்னேன்.

டல்லாஸ் பக்கம், ஐந்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர்:

பூசணிக்காயைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுதத் தோன்றவில்லை. சரி, என் பேய்க்கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் சண்டை போட்டு, ஆபீஸ் அம்மாவிடம் கெஞ்சி, நவம்பர் நடுவில் அந்தப் பெண்ணை எல்லா மென்பொருளிலிருந்தும் எடுக்க வைத்தேன். சராசரி 80க்குத் திரும்பியது. அடுத்த திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தால் அவளே பையோடு நிற்கிறாள். ஹூஸ்டனில் அப்பாவுக்கு வேலை சரிப்படவில்லையாம். ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அன்று முழுக்க அவளுக்கு க்ரோம்புக் திறக்கவில்லை, மதியச் சாப்பாட்டு வரிசையில் எண்ணைத் தட்டினால் இப்படி ஒரு மாணவி இல்லை என்று வந்தது, வருகைப் பட்டியலிலும் பெயர் இல்லை. ஒரு தாளில் கையால் அவள் பெயரை எழுதி, எதிரே ஒரு டிக் போட்டு ஆபீஸுக்கு அனுப்பினேன்.