உழைத்தவன் உயர்வான் என்றால் உயராதவன் உழைக்கவில்லையா?

செந்தூல் மாறன்:
2025 பிப்ரவரியில் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 வெள்ளிக்கு ஏறியது. அதற்கு நம் ஆட்களே முகம் சுளித்தார்கள். உழைக்கிறவனுக்கு வழி தானாகத் திறக்குமாம், திறக்கவில்லை என்றால் அவனிடம்தான் ஏதோ கோளாறாம். எங்கள் அடுக்குமாடியில் ஜாகா (காவலாளி) வேலை பார்க்கும் பெரியவர் மாலை ஏழுக்கு வந்து காலை ஏழுக்குப் போகிறார், வாரத்தில் ஆறு நாள். பாதி ஆயுள் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது வேலையும் லயத்து வீடும் சேர்ந்தே போயின. கையிலிருந்த ஒரே தொழில் மரம் சீவுவது, அதைக் கோலாலம்பூர் செந்தூலில் எங்கே போய்ச் செய்வார்? நடுராத்திரியில் கார் வந்து ஹாரன் அடித்தால் ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டே எழுந்து வந்து தடுப்புக் கட்டையைத் தூக்குகிறார். அவரைப் பார்த்து "சின்ன வயதில் படித்திருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இப்படிச் சொல்ல வைப்பது எது என்பதுதான் என் கேள்வி.

பிறை ராஜன்:
தம்பி, நானும் தோட்டத்துப் பிள்ளைதான். அம்மாவோடு ஒட்டுப்பால் பொறுக்கியிருக்கிறேன். வயரிங் வேலைக்குக் கையாளாகப் போய், இன்றைக்கு ஆள் வைத்து காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். உழைப்புக்குப் பலன் உண்டு என்று நம்பாமல் இருந்திருந்தால் விடியற்காலையில் என்னை யார் எழுப்பியிருப்பார்கள்? உலகம் அநியாயமானது என்று என் பிள்ளைகளிடம் சொன்னால் புத்தகத்தை மூடி வைத்துவிடுவார்கள். தேர்தலுக்குத் தேர்தல் நம்மைப் பாவப்பட்ட சனமாகக் காட்டித்தான் அரிசி மூட்டையோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த அரசியல் வேண்டாம்.

கலா (குளுகோர்):
ராஜன் அண்ணே, கல்லூரியில் உளவியல் எடுக்கிறவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். மெல்வின் லெர்னர் என்ற ஆய்வாளர் 1966-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஒரு சோதனை. ஒரு பெண் விடையைத் தப்பாகச் சொல்லும்போதெல்லாம் மின்னதிர்ச்சி வாங்குவதாக மாணவிகளுக்குக் காட்டினார்கள். உண்மையில் அதிர்ச்சி எதுவும் இல்லை, எல்லாம் நடிப்பு. அதிர்ச்சியை நிறுத்திப் பரிசு கொடுக்கலாம் என்ற வாய்ப்பு கிடைத்தவர்கள் அநேகமாக எல்லாருமே அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். வாய்ப்பே இல்லாமல், அவள் இன்னும் துன்பப்படப்போகிறாள் என்று கேட்டு உட்கார்ந்திருந்தவர்கள்தான் அவளை மட்டமாக மதிப்பிட ஆரம்பித்தார்கள். இதில் என்னை இன்றும் உலுக்குவது வேறு. மற்றவர்களுக்காக நானே தாங்கிக்கொள்கிறேன் என்று அவள் முன்வந்ததாகச் சொன்னபோதுதான் மதிப்பு எல்லாவற்றையும்விடக் கீழே போனது. நல்லவள் என்று ஒத்துக்கொண்டால் நல்லவளுக்கும் இப்படி நடக்கும் என்றாகிவிடுமே, அதை மனசு தாங்காது.

செந்தூல் மாறன்:
டீச்சர், அப்படியென்றால் இதற்கும் அரசியலுக்கும் நேரடியாகவே முடிச்சு இருக்கிறது. வலதுசாரி என்பதே, உலகம் நியாயமானது, அவரவர்க்குத் தக்கதே கிடைக்கும் என்ற இந்த நம்பிக்கைதான்.

கலா (குளுகோர்):
அவ்வளவு எளிதாக முடிச்சுப் போடாதே தம்பி. ரூபின், பெப்ளோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1975-இல் எழுதியது என்னவென்றால், உலகம் நியாயமானது என்று பலமாக நம்புகிறவர்களிடம் மதப்பற்றும், அதிகாரத்துக்குப் பணிகிற குணமும், தலைவர்கள் மேல் மரியாதையும், நலிந்த பிரிவினரைக் குறைவாக எண்ணுவதும் கூடுதலாகத் தெரிகின்றன. சேர்ந்து வருகின்றன என்பதால் ஒன்றுதான் மற்றதை உண்டாக்கியது என்று சொல்ல முடியாது. அப்புறம், ராஜன் அண்ணன் பக்கமும் ஆதாரம் இருக்கிறது. கிளாடியா டால்பர்ட் என்ற ஆய்வாளர் இந்த நம்பிக்கையை இரண்டாகப் பிரித்தார்: எனக்கு நியாயம் கிடைக்கும் என்பது ஒன்று, எல்லாருக்கும் அவரவர்க்குத் தக்கதே கிடைக்கிறது என்பது இன்னொன்று. மன நலத்தோடு அதிகம் ஒட்டி வருவது முதலாவது. அண்ணனை விடியற்காலையில் எழுப்பியது அதுதான். அந்த ஜாகாவைக் குறை சொல்ல வைப்பது இரண்டாவது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டும்போதுதான் வம்பு.

பிறை ராஜன்:
டீச்சர் சொல்வது சரி, ஆனால் நம்புகிறவன் இரக்கமில்லாதவன் என்கிற மாதிரி பேச்சு போகிறதே. 2021-இல் ஊரடங்கு நேரத்தில் சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் வாசலில் வெள்ளைக்கொடி கட்டினார்கள், ஞாபகம் இருக்கிறதா? பட்டர்வொர்த்தில் வீடு வீடாக அரிசி, முட்டை, மைலோ எல்லாம் லாரியில் கொண்டுபோய் இறக்கினேன். ஏன் சேமித்து வைக்கவில்லை என்று ஒருத்தரையும் கேட்கவில்லை.

செந்தூல் மாறன்:
அண்ணே, டீச்சர் சொன்ன சோதனை அப்படியே இதுதானே! உங்களிடம் லாரி இருந்தது, அரிசி இருந்தது, கைக்கு எட்டிய உதவியைச் செய்தீர்கள், பழி சொல்லத் தோன்றவில்லை. சம்பளச் சட்டம், தோட்ட நிலம் என்று வந்தால் தனி மனிதன் கைக்கு எட்டாது. அங்கேதான் "அவன் தலையெழுத்து" என்ற பேச்சு வருகிறது. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக்கி விற்ற தோட்டத் துண்டாடல் நடந்தபோது நம் தாத்தாக்களும் அதையே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். 1960-இல் நம் இந்தியர்களின் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கலாம் என்று காட்டிய பிறகு அது அவர்கள் கைக்கு எட்டுகிற விஷயமாகிவிட்டது.

பிறை ராஜன்:
அந்தப் பத்து வெள்ளி தொழிலாளி தன் சொந்தச் சம்பளத்திலிருந்து கொடுத்தது. அரசாங்கம் கொடுத்ததில்லை. என் வாதத்துக்குத்தான் அது சாட்சி.

செந்தூல் மாறன்:
தனியாக ஒருத்தர் பத்து வெள்ளியை வைத்துக்கொண்டு ஒரு மரம்கூட வாங்கியிருக்க முடியாது அண்ணே. சரி, பெரியவர் விஷயத்துக்கே வருகிறேன். 2023 ஜனவரியிலிருந்து சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வழக்கமான வேலை. அவர் வாரம் 72 மணி நேரம் நிற்கிறார். மிகை நேரச் சம்பளம் ஒழுங்காகத் தருகிறார்களா என்று அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் கேட்கப்போகிறேன். எட்டு மணி நேர ஷிப்டாக மாற்றச் சொல்லியும் கேட்பேன், அவர் வருமானம் குறையாதபடி.

பிறை ராஜன்:
அப்படியென்றால் இன்னொரு ஆள் வேண்டும், பராமரிப்புக் கட்டணம் ஏறும். மாதாமாதம் பாக்கி வைக்கிறவர்கள் பாதிப்பேர் இருப்பார்கள், அவர்களிடம் யார் வசூலிப்பது?

கலா (குளுகோர்):
மாறன், வீட்டுக்கு எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டு எடுத்துக்கொண்டு போ. கூட்டத்தில் அந்தத் தொகையைத்தான் முதலில் கேட்பார்கள்.