சைலன்சர் ஸ்டட் ஹெட்டிலேயே முறிந்துவிட்டது, ஈஸி அவுட் போடலாமா?

வெள்ளைப்புகை:
பழைய பைக். சைலன்சரைக் கழற்றும்போது, அலுமினிய ஹெட்டில் (இன்ஜினின் மேல்பகுதி) இருக்கும் 8 மி.மீ. ஸ்டட் (தலையில்லாத மரைக்கம்பி) முறிந்துவிட்டது. இரண்டு மரை அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வைத்திருக்கிறேன். முறிந்த துண்டில் துளையிட்டு, அதில் இறக்கித் திருகி எடுக்கும் ஈஸி அவுட் செட் கையில் இருக்கிறது. நேரே துளை போட்டு இறக்கிவிடலாமா?

நட்டுக்கட்டை:
அவசரம் வேண்டாம். நீட்டியிருப்பதை வைஸ் கிரிப்பால் (கவ்வியபடி பூட்டிக்கொள்ளும் இடுக்கி) கவ்வித் திருப்பிப் பாருங்கள்.

லேத்துக்காரன்:
தம்பி, ஈஸி அவுட்டைப் பெட்டியிலேயே வையுங்கள். அது எதனால் முறிந்தது என்று முதலில் பாருங்கள். அளவுக்கு மீறி முறுக்கியதால் முறிந்த போல்ட் என்றால் உள்ளே நிற்கும் துண்டில் இறுக்கமே இருக்காது, எதைப் போட்டாலும் சுழன்று வந்துவிடும். உங்களுடையது அரிப்பேறி மரையோடு மரை பிடித்துக்கொண்டதால் முறிந்தது. முழு ஸ்டட்டே தாங்காத முறுக்கை, அதன் நடுவே நுழையும் பென்சில் முனை அளவுக் கருவி எப்படித் தாங்கும்? அதுவும் கூம்பு வடிவம். இறங்க இறங்க ஸ்டட்டை விரித்து மரையில் இன்னும் அழுத்தும். உள்ளே ஒடிந்தால், அது கடின எஃகு என்பதால் சாதாரண டிரில் பிட் அதன்மேல் வழுக்கும். பிறகு அதைவிடக் கடினமான கார்பைட் பிட்டைத் தேடி அலைய வேண்டியதுதான்.

என் வழி நட் வெல்டிங். நீட்டியிருக்கும் முனையைச் சுத்தமாக உரசி, அதன்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் குழிக்குள் மிக் வெல்டிங்கை (கம்பி ஊட்டிச் செய்யும் மின் வெல்டிங்) நிரப்புங்கள். இரும்பு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது என்பதால் பயம் வேண்டாம். திருப்பப் பிடியும் கிடைக்கிறது, சூடும் ஸ்டட்டின் வேர்வரை போகிறது. சிவப்பு தணிந்ததும் ஸ்பானர் போட்டு, முதலில் இறுக்கும் பக்கம் சற்று, பிறகு கழற்றும் பக்கம் சற்று என்று அசைத்து அசைத்து எடுங்கள். கிறீச்சென்று சத்தம் வந்தால் நல்ல சகுனம். நட் பிய்ந்து வந்தால் இன்னொன்றை வைத்து மறுபடி பற்றவையுங்கள், சலிக்கக் கூடாது. தொடங்கும் முன் பேட்டரியின் இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் டேங்கை இறக்கித் தூர வைத்துவிடுங்கள்.

வெள்ளைப்புகை:
நன்றி அண்ணா. வெல்டிங் மெஷின் இல்லை, கேஸ் டார்ச் மட்டும் இருக்கிறது. அதில் முடியுமா?

லேத்துக்காரன்:
முயலலாம். ஸ்டட்டை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள ஹெட்டைச் சூடாக்குங்கள். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும், பிடி தளரும். ஆனால் அலுமினியம் சிவக்காமலேயே 660 டிகிரியில் உருகிவிடும்; ஹெட்டில் இருக்கும் கலவை அதற்கும் முன்பே உருகும். ஆகவே சுடரை ஓரிடத்தில் நிறுத்தாதீர்கள். பிறகு வைஸ் கிரிப்.

அதற்கும் மசியாவிட்டால் முனையைச் சமமாக அராவி, நட்டநடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, 3 மி.மீ.யில் தொடங்கி 6.5 வரை துளையிடுங்கள். நடு தவறினால் பிட் மென்மையான அலுமினியத்தின் பக்கம் ஓடிவிடும். இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். இடப்புறமாகச் சுழன்று, அதாவது கழற்றும் திசையில், வெட்டும் பிட் கிடைத்தால் பாதித் துளையிலேயே துண்டு சுழன்று வருவதும் உண்டு. மரையில் மிஞ்சும் இரும்புச் சுருளைக் கூரிய ஊசியால் நெம்பி எடுத்து, 8க்கு 1.25 டேப்பை (8 மி.மீ. விட்டம், 1.25 மி.மீ. இடைவெளியில் மரை வெட்டும் கருவி) ஓட்டி மரையைச் சுத்தம் செய்யுங்கள்.

கரிக்கை:
ஒன்று சொல்ல மறந்துவிட்டார்கள். சுடர் வைக்கும் முன் ஊற வைத்த எண்ணெயை நன்றாகத் துடைத்துவிடுங்கள். அதற்குக் குளோரின் கலந்த பிரேக் கிளீனரைத் தொடவே தொடாதீர்கள்; சூடு பட்டால் பாஸ்ஜீன் நச்சுவாயு வரும்.