டெராஹெர்ட்ஸ் கருவி செய்கிறோம், யாரிடம் போய் விற்பது?

சுருள்அலை:
நாங்கள் ஏழு பேர். மூன்று வருடமாக ஒரு டெராஹெர்ட்ஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். மைக்ரோவேவுக்கும் அகச்சிவப்புக்கும் நடுவில் இருக்கும் அலையைப் பொருளுக்குள் அனுப்பி, எந்த அதிர்வெண்ணை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று ஸ்பெக்ட்ரமாக வரையும் கருவி. மிகக் குறுகிய துடிப்புகளை விடும் ஃபெம்டோசெகண்ட் ஃபைபர் லேசர், அலையை அனுப்ப ஒரு ஆன்டெனா, வாங்க இன்னொன்று, நடுவில் நகரும் கண்ணாடி. கொள்கையில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு மேசை முழுக்கப் பரவியிருந்ததைச் சின்னப் பெட்டிக்குள் அடக்கிவிட்டோம், தினமும் காலையில் லேசரை நேராக்க உட்கார வேண்டியதில்லை. 0.2 முதல் 3 டெராஹெர்ட்ஸ் வரை நம்பி அளக்கலாம்.

பிரச்சினை என்னவென்றால் பார்ப்பவர்கள் எல்லோரும் அருமை என்கிறார்கள், ஆர்டர் மட்டும் வருவதில்லை. பிரோஷரில் மருந்து, பெயின்ட், பாதுகாப்புச் சோதனை, புற்றுநோய், பழைய ஓவியம் என்று ஐந்தையும் போட்டிருக்கிறோம். பணம் போட்டவர் பாதுகாப்புச் சோதனைதான் பெரிய சந்தை என்கிறார். எனக்கு ஆய்வகங்களே போதும் என்று தோன்றுகிறது. இதைப் பயன்படுத்தியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஈரக்காற்று:
பாதுகாப்பை முதலில் அடித்துவிடுங்கள். விமான நிலையங்களில் பரவலாக இருக்கும் ஸ்கேனர் 24 முதல் 30 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, அதாவது அதிகபட்சம் 0.03 டெராஹெர்ட்ஸ், உங்கள் பெட்டி தொடங்கும் இடத்துக்கே அது வருவதில்லை. புற்றுநோயும் வேண்டாம். உடம்பு முழுக்கத் தண்ணீர், தண்ணீர் இந்த அலையைக் குடித்துவிடும், தோலுக்குள் ஒரு மில்லிமீட்டர் போவதற்குள் கதை முடிந்துவிடுகிறது. 1995-இல் பெல் ஆய்வகத்தில் ஒரு இலையையும் உறைக்குள் இருந்த ஒரு சிப்பையும் இந்த அலையில் படம் எடுத்துக் காட்டினார்கள். இலை காயக் காயப் படம் மாறுவது தெரிந்தது. அப்போதே தெரிந்துபோயிற்று, இது தண்ணீரைக் கண்டுபிடிக்கும் கருவி, தண்ணீரைத் தாண்டிப் பார்க்கும் கருவி இல்லை.

ஆய்வகம் என்றால் சரி, ஆனால் நான் வாங்கும்போது என்ன பார்த்தேன் தெரியுமா? மூடியைத் திறந்து மாதிரியை மாற்றினால் உள்ளே காற்று மறுபடி உலர எவ்வளவு நேரம் ஆகிறது என்று. 0.557, 1.097, 1.67 டெராஹெர்ட்ஸ் என்று நீராவி அலையை உறிஞ்சும் கோடுகள் வழியெல்லாம் நிற்கின்றன. உலர்ந்த நைட்ரஜனை விட்டுக்கொண்டு இருபது நிமிடம் சும்மா உட்கார வேண்டுமென்றால் மாணவன் ஒரு நாளைக்கு எத்தனை மாதிரி அளப்பான்? அப்புறம் டைனமிக் ரேஞ்ச், அதாவது சிக்னல் இரைச்சலைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்பது. எல்லோரும் உச்சத்தில் அளந்த எண்ணைத்தான் எழுதுகிறார்கள். 2.5 டெராஹெர்ட்ஸில் எவ்வளவு என்று எழுதுங்கள், உங்களை நம்புவேன். கூடவே லாக்டோஸ் வில்லை ஒன்றை அளந்து 0.53-இல் பள்ளம் எங்கே விழுகிறது என்று படம் போட்டால் பாதிக் கேள்வி தீர்ந்தது.

கல்விற்பவன்அல்ல:
பெயரையும் கொஞ்சம் யோசியுங்கள். டெராஹெர்ட்ஸ் என்று தேடினால் முதலில் வருவது நோய் தீர்க்கும் கல், முழங்கால் வலிக்குக் கோல். பனிக்கட்டியை அந்தக் கல்லில் வைத்து உருக்கிக் காட்டி அலையின் சக்தி என்பார்கள். அது சாதாரண சிலிக்கான். வெப்பத்தை நன்றாகக் கடத்தும், அவ்வளவுதான், அலுமினியத் துண்டும் அதைச் செய்யும்.

பூச்சுக்காரன்:
நான் பெயின்ட் பக்கம் இருப்பவன், ஆய்வகத்துக்காரன் இல்லை. உலோகத்தின் மேல் பூச்சின் தடிமன் அளக்க எங்களிடம் சுழல் மின்னோட்டக் கருவி இருக்கிறது, கையடக்கமானது, சல்லிசு. அது மொத்தத் தடிமனை மட்டும் சொல்லும், அதுவும் அடியில் உலோகம் இருந்தால்தான். பிளாஸ்டிக் பம்பர் வந்தால் கை விரித்துவிடும். உங்கள் துடிப்பு ஒவ்வொரு அடுக்கின் எல்லையிலும் எதிரொலித்துத் திரும்பும், இல்லையா? 40 மைக்ரான் மேல்பூச்சு, ஒளிவிலகல் எண் 1.6 என்று வைத்தால் போய்வர 0.4 பிக்கோ செகண்ட் சொச்சம் (ஒரு பிக்கோ செகண்ட் என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). அது பிரிந்து தெரியும். 15 மைக்ரான் நிற அடுக்குதான் எதிரொலிகளை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிக் குழப்பும், அங்கே அடுக்குகளின் கணித மாதிரி ஒன்றை அளவீட்டோடு பொருத்தித்தான் பிரிக்க வேண்டும். அதைத் தொடாமல், பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே சொல்ல முடிந்தால் வாங்க ஆள் இருக்கிறார்கள். ஸ்பெக்ட்ரம் யாருக்கும் வேண்டாம். எண் வேண்டும், மூன்று அடுக்குக்கு மூன்று எண்.

சுருள்அலை:
@பூச்சுக்காரன் நாங்கள் இதுவரை மென்பொருளில் ஸ்பெக்ட்ரத்தைத்தான் அழகாக வரைந்துகொண்டிருந்தோம். மருந்து பற்றி யாரும் சொல்லவில்லையே? ஒரே மூலக்கூறு, வேறு வேறு படிக அமைப்பு, அதைப் பிரிப்பதில் இதுதான் கெட்டி என்று படித்தேன்.

மூன்றாம்எதிரொலி:
கெட்டிதான். படிகக்கூட்டின் அதிர்வுகள் சரியாக இங்கேதான் விழுகின்றன, கார்பமசெபின் மாதிரியான மருந்தின் படிக வடிவங்களைப் பிரித்துக் காட்ட முடியும். ஆனால் இதே அதிர்வெண் பகுதியின் அதிர்வுகளைக் குறை அதிர்வெண் ராமனும் (லேசர் ஒளி சிதறுவதை வைத்து அதிர்வைப் பார்க்கும் கருவி) பார்க்கிறது, மருந்துக்காரர்களிடம் ராமன் ஏற்கெனவே இருக்கிறது. புதிய பெட்டிக்கு இடம் ஒதுக்கச் சொல்வது எளிதில்லை. மாத்திரையின் மேல்பூச்சை உடைக்காமல் அளப்பது வேறு, அதில் உங்களுக்கு வழி இருக்கிறது, கணக்கும் பெயின்ட் கணக்குதான்.

இன்னொன்று. நானும் இப்படிப்பட்ட ஒரு சின்ன இடத்தில் இருந்தேன். ஒரு வாடிக்கையாளர் புதிய பொருளில் வரிசையாகக் கோடுகள் கிடைத்திருக்கின்றன, கட்டுரை எழுதப் போகிறேன் என்று கடிதம் போட்டார். பார்த்தால் கோடுகளுக்கு நடுவே எங்கும் ஒரே இடைவெளி, 88 கிகாஹெர்ட்ஸ். அவர் மாதிரியை வைத்த அரை மில்லிமீட்டர் சிலிக்கான் தட்டுக்குள் அலை முன்னும் பின்னும் போய்வந்த எதிரொலி அது. 11 பிக்கோ செகண்டுக்கு ஒரு குட்டித் துடிப்பு. இரண்டு நாள் தொலைபேசியிலேயே போயிற்று, அவருக்கும் கோபம், எங்களுக்கும் வெட்கம். மென்பொருள் அதை முதலிலேயே எச்சரித்திருக்க வேண்டும். விற்ற பிறகு உங்கள் ஏழு பேரில் எத்தனை பேர் தொலைபேசியில் இருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

சுருள்அலை:
இப்போதைக்கு நாங்கள் எல்லோரும் தொலைபேசியில்தான் இருக்கிறோம், மணி அடிப்பதில்லை என்பதுதான் குறை.

பிரோஷரைத் திரும்ப எழுதுகிறேன். 2.5-இன் எண் அவ்வளவு அழகாக இல்லை, இருந்தாலும் போடுகிறேன். @பூச்சுக்காரன், பிளாஸ்டிக்கின் மேல் மூன்று அடுக்கு பூசிய துண்டு ஒன்று கிடைக்குமா? தடிமன்களைச் சொல்லாமல் அனுப்புங்கள். நாங்கள் அளந்து எழுதியதை இங்கே போட்ட பிறகு நீங்கள் அதை வெட்டி நுண்ணோக்கியில் பாருங்கள்.