புதுத்தண்ணி வந்த கண்மாயில் தூண்டிலை எங்கே போடுவது?

கேள்வி (மேலூர் பக்கம்):
வணக்கம். ஐப்பசி மழைக்கு எங்கள் ஊர்க் கண்மாய் பாதி பெருகியிருக்கிறது. சாயங்காலமானால் மடைக்குப் பக்கத்தில், கரையிலிருந்து ஆழம் பார்த்துப் போடுகிறேன். மண்புழு, சின்னத் தூண்டில் முள், தக்கை. தக்கை அசையக்கூட இல்லை. கோடையில் இதே இடத்தில் ஜிலேபியும் கெளுத்தியும் மாறி மாறி இழுக்கும். விரால் பிடிக்க வேண்டும் என்று ரொம்ப ஆசை. குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டேன், தூண்டில் மட்டும் போடலாம் என்றார்.

பதில் (திருப்புவனம்):
மீன் இருக்கிறது தம்பி, மடையை விட்டுப் போய்விட்டது. கோடையில் தண்ணி மடைப் பள்ளத்தில் மட்டும் கிடக்கும், மீனும் அங்கேயே ஒடுங்கும். இப்போது காய்ந்து கிடந்த தரையெல்லாம் முழுகுகிறது. மண்ணுக்குள் இருந்த புழுவும் பூச்சியும் வெளியே வரும். அதை மேய மீன் உள்வாய்ப் பக்கம், அதாவது கரைக்கு எதிரே தண்ணி பரவும் மேட்டுப் பக்கம், ஏறிவிடும், முழங்கால் தண்ணியில்கூட நிற்கும். நீங்கள் ஆழத்தில் தேடுகிறீர்கள்.

வரத்துக்கால், அதாவது தண்ணி கொண்டுவரும் கால்வாய், கண்மாயில் விழும் வாய்க்குப் போங்கள். கெண்டையும் கெளுத்தியும் புதுத்தண்ணியை எதிர்த்து ஏறி வரும் இடம் அது. ஓட்டத்துக்கு நடுவே போட்டால் நரம்பில் கட்டிய ஈயக் குண்டு நிற்காது. செங்கலங்கலும் தெளிந்த தண்ணியும் சேரும் கோடு கண்ணுக்கே தெரியும். அதன் ஓரமாக, தண்ணி மெதுவாகச் சுழலும் இடத்தில் போடுங்கள். தக்கைக்கும் முள்ளுக்கும் நடுவே ஒன்றரை அடி போதும். கலங்கலில் மீன் வாடை பிடித்துத்தான் வரும், அதனால் ஒரு புழுவுக்குப் பதிலாக மூன்று நான்கைச் சேர்த்துக் கோத்து, வால் நெளியும்படி விடுங்கள்.

பதில் (காரைக்குடி):
விராலுக்கு வேறு கணக்கு. அது மூச்செடுக்க மேலே வரும் மீன். விடியற்காலையில், காற்று எழும் முன் போய், சம்புப் புல் ஓரமும் முழுகி நிற்கும் கருவேல மரத்தடியும் கொஞ்ச நேரம் சும்மா பாருங்கள். 'பொளக்' என்று ஒரு வட்டம் விழும். அதற்கு இரண்டு முழம் தள்ளி ரப்பர் தவளையைப் போட்டு, இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுக்க வேண்டும். கவ்வியதும் உடனே சுண்டாதீர்கள். தவளையோடு உள்ளே இறங்கட்டும், தூண்டில் நரம்பு இறுகியதும் வெடுக்கென்று சுண்டி இழுங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். செம்மஞ்சளாகக் குஞ்சுக் கூட்டம் கொதிப்பது மாதிரி மேலே தெரிந்தால் அங்கே போடாதீர்கள். தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். பசியே இல்லாவிட்டாலும் பாய்ந்து கடிக்கும், பிடிப்பது சுலபம். பிடித்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணே! வரத்துக்கால் வாயில் கெளுத்தி நன்றாகவே கிடைக்கிறது. கழற்றும்போது மீனின் முள் குத்திக் கை கடுக்கிறது. இன்னொன்று, கரையிலிருந்து வீசினால் கருவேல மரம் வரை எட்டவில்லை. உள்ளே இறங்கிப் போடலாமா?

பதில் (திருப்புவனம்):
கையைப் பொறுக்கிற சூட்டு வெந்நீரில் வையுங்கள், கடுப்பு இறங்கும். முள் உள்ளே ஒடிந்திருந்தாலோ வீங்கினாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அடுத்த முறை முதுகு முள்ளுக்குப் பின்னால் விரல் கொடுத்து, பக்க முள் இரண்டையும் அடக்கிப் பிடியுங்கள்.

இறங்கவே வேண்டாம். சவுடு அள்ளிய பள்ளம் கலங்கலில் தெரியாது. முழங்கால் தண்ணிக்கு அடுத்த அடியில் ஆளை முழுக்கும் ஆழம் இருக்கும். கோடையில் மண் எங்கே அள்ளினார்கள் என்று ஊரில் ஆடு மேய்ப்பவர்களைக் கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள். எட்டாத மரத்தை விடுங்கள். தண்ணி இன்னும் ஏறினால் கரையோர மரங்களும் முழுகும், விரால் அங்கேயே வரும். அப்புறம், இடி இடித்தால் ராடை மடக்கிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுங்கள். கார்பன் ராட் மின்சாரம் கடத்தும்.