வாசனை ரோஜாப் புதர் ஒரு சுற்றுப் பூவோடு நின்றுவிட்டது, ஏன்?

கேள்வி:
கெர்ட்ரூட் ஜீகல் என்ற ரோஜா ரகம், ஒட்டுச் செடி, நட்டு 2 வருடம். முதல் சுற்றில் நன்றாகப் பூத்தது, வாசமும் அபாரம். பிறகு பூவே இல்லை. நீளமாக 2 போத்துகள் (அடியிலிருந்து கிளம்பும் புதுக் கிளைகள்) மட்டும் விறுவிறுவென ஏறுகின்றன. 6 மணி நேர வெயில் உண்டு. மாதம் ஒருமுறை யூரியா. எங்கே தவறு?

பதில் 1:
முதலில் அந்தப் போத்துகள் எங்கே முளைத்தன என்று மண்ணை விலக்கிப் பாருங்கள். ஒட்டு முடிச்சுக்கு, அதாவது ஒட்டுப் போட்ட இடத்தில் தண்டு புடைத்திருக்கும் பகுதிக்குக் கீழே என்றால், அது அடிச்செடியின் (ஒட்டுக்கு வேர் தரும் வேறு ரோஜாவின்) போத்து. 7 சிற்றிலை இருந்தால் காட்டு ரோஜா என்பார்கள். அதை நம்பி வெட்டாதீர்கள், நல்ல புதர் ரகங்களே 7 விடும். அடிச்செடிப் போத்தை வேரில் ஒட்டியிருக்கும் இடத்திலேயே பிடித்துப் பிய்த்தெடுக்க வேண்டும். மண்மட்டத்தில் வெட்டினால் மிச்சமிருக்கும் கணுக்கள் துளிர்த்து, ஒன்று நான்காகும்.

முடிச்சுக்கு மேலே என்றால் கவலையில்லை, இந்த ரகம் நெடுங்கிளை விடும். நுனி ஓங்கி வளரும்வரை பக்கக் கணுக்கள் தூங்கும். கிளையைச் சாய்த்துக் கட்டுங்கள், கணுவுக்குக் கணு துளிர்த்துப் பூக்கும்.

பதில் 2:
யூரியாவை இன்றே நிறுத்துங்கள். தழைச்சத்து மட்டும் ஏறினால் இலையும் அசுவினிப் பூச்சியும்தான் மிஞ்சும். தொழுவுரத்தோடு சாம்பல்சத்து கூடிய ரோஜா உரம், அதுவும் ஒவ்வொரு சுற்று முடிந்ததும், ஈர மண்ணில்.

வாடிய பூவை வெட்டினீர்களா என்று சொல்லவே இல்லையே? காய் பிடித்தால் செடியின் சக்தி விதைக்குப் போய்விடும். பூத்த கிளையில் 5 சிற்றிலை உள்ள முதல் இலைக்குச் சற்று மேலே வெட்டுங்கள். 6 முதல் 8 வாரத்தில் அடுத்த சுற்று வரும்.

பதில் 3:
மேலே சொன்னதில் ஒரு திருத்தம். செடி மெலிவாக இருந்தால் அவ்வளவு கீழே போகாமல் பூவை மட்டும் கிள்ளுங்கள்; இலை குறைந்தால் அடுத்த மொட்டுக்குச் சாப்பாடு எங்கிருந்து வரும்? வருடாந்தரக் கவாத்திலும் மூன்றில் ஒரு பங்கு போதும். ஹைபிரிட் டீ என்ற ரோஜா வகையைப் போல ஒட்ட வெட்டினால் புதர் வடிவமே போய்விடும்.

கேட்டவர்:
பார்த்துவிட்டேன். ஒன்று முடிச்சுக்குக் கீழே, மற்றது மேலே. காய்களும் 5 இருக்கின்றன.

பதில் 1:
கீழே உள்ளதைப் பிய்த்துவிட்டு, மேலே உள்ளதைச் சாய்த்துக் கட்டுங்கள். காய்களை இன்றே வெட்டிவிடலாம்.