ஓநாய் மனிதன் படம் யாருடைய கதை: மாறுகிறவனுடையதா, பக்கத்தில் இருப்பவருடையதா?

நடுநிசிக் காட்சி:

நேற்று இரவு லீ வானல் இயக்கிய 'வுல்ஃப் மேன்' (2025) பார்த்து முடித்தேன். ஏமாற்றம் இன்னும் அடங்கவில்லை, அதனால்தான் இந்தத் திரி.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்கென்று எடுத்த ஓநாய் மனிதன் படம் என்றால் அது ஜான் லாண்டிஸின் 'ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' (1981) தான். அதற்கப்புறம் வந்தவை ஒன்று பதின்வயதுக் காதல், இல்லையென்றால் ஓநாயைச் சாக்காக வைத்து வேறு எதையோ பேசுகிற படங்கள்.

அந்த மாறும் காட்சியை நினைத்துப் பாருங்கள். நர்ஸ் அலெக்ஸின் வீடு, விளக்கு எரிகிறது. சும்மா உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த கதாநாயகன் டேவிட் திடீரென்று உடம்பு எரிகிறது என்று அலறி உடுப்பைக் கிழித்தெறிகிறான். கையைத் தூக்கிப் பார்க்கிறான், அவன் கண்ணெதிரிலேயே உள்ளங்கை நீள்கிறது, முதுகெலும்பு புடைக்கிறது, பின்னணியில் சாம் குக் பாட்டுக்குக் குழைவாக 'ப்ளூ மூன்' பாடிக்கொண்டிருக்கிறார். இருட்டு கிடையாது, புகை கிடையாது, ஒளித்துவைக்க ஒன்றுமே கிடையாது. ஒப்பனைக்கென்று ஆஸ்கரில் தனிப் பிரிவு வந்தபோது முதல் விருது இதைச் செய்த ரிக் பேக்கருக்குத்தான் போனது.

அப்புறம் ஜாக். செத்துப்போன நண்பன், கழுத்துச் சதை கிழிந்து தொங்க மருத்துவமனைக்கு வந்து, டேவிட்டின் காலைச் சாப்பாட்டிலிருந்து ஒரு துண்டு டோஸ்ட் எடுத்துக்கொள்ளவா என்று கேட்கிறான். ஒவ்வொரு முறை வரும்போதும் இன்னும் கொஞ்சம் அழுகியிருக்கிறான். கடைசியில் பிக்காடில்லி சர்க்கஸில் ஆபாசப் படம் ஓடுகிற தியேட்டருக்குள், டேவிட் கொன்றவர்கள் ரத்தக் கோலத்தோடு உட்கார்ந்து, அவன் எப்படித் தற்கொலை செய்துகொள்ளலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். செய்த கொலை பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்து பேசுகிறது! பெரியவர்களுக்கான படம் என்று நான் சொல்வது இதைத்தான். 2025 படத்தில் அரை இருட்டில் தோல் வியாதி வந்தவன் மாதிரி ஒருவன் இருந்தான், அவ்வளவுதான்.

தேன்மொழி:

அண்ணா, 1981-க்கு அப்புறம் ஒன்றுமே இல்லை என்பது அநியாயம். பதின்வயது என்றாலே சின்னப்பிள்ளைப் படம் என்று தள்ளுவதும் சரியில்லை.

கனடாவில் ஜான் ஃபாசெட் எடுத்த 'ஜிஞ்சர் ஸ்நாப்ஸ்' (2000), எழுதியவர் கேரன் வால்டன். ஜிஞ்சருக்கு முதல் மாதவிலக்கு வருகிறது, அதே இரவில் கடியும் படுகிறாள். அக்காளும் தங்கையும் பயந்துபோய் ஸ்கூல் நர்ஸிடம் ஓடுகிறார்கள். அந்த அம்மா சிரித்த முகம் மாறாமல், 28 நாளைக்கு ஒருமுறை, இன்னும் முப்பது வருஷத்துக்கு, இதெல்லாம் சகஜம் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். நாம் 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்கிறோம், 'வயசுக்கு வந்துட்டா' என்றும் சொல்கிறோம். எனக்கு அது வந்தபோது மூலையில் தனிப் பாய், தனித் தட்டு, மாமன் சீர், எல்லாம் நடந்தது. என் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று மட்டும் ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதனால் அந்த நர்ஸ் காட்சி எனக்கு எந்த ரத்தக் காட்சியைவிடவும் பயமாக இருந்தது.

கடைசியில் இருவரும் ஒன்றாக வளர்ந்த அதே படுக்கையறையில் தங்கை பிரிஜிட் நிற்கிறாள், ஒரு கையில் மருந்து ஊசி, இன்னொரு கையில் கத்தி. ஓநாய் பாய்கிறது, கத்தி ஏறிவிடுகிறது. அப்புறம் அவள் அந்த உடம்பின்மேல் தலையைச் சாய்த்து, மூச்சு நிற்கும்வரை அப்படியே கிடக்கிறாள். உங்கள் லண்டன் படத்தில் டேவிட்டைச் சுட்டதும் படக்கென்று பாட்டு வந்து படம் முடிந்துவிடுகிறது. அலெக்ஸ் அழுதுகொண்டு நிற்கிறாள், அவள் நாளைக்கு எப்படி எழுந்து வேலைக்குப் போவாள் என்று அந்தப் படத்துக்குக் கவலையே இல்லை. மாறுகிறவனுக்கு ஒரு ராத்திரி வலி. பக்கத்தில் இருப்பவளுக்கு?

ரப்பர்முகம்:

நான் சில வருஷம் நாடகங்களுக்கு ஒப்பனை வேலை பார்த்தவன், அதனால் கைவேலை பற்றி மட்டும் சொல்கிறேன்.

பேக்கர் அந்த ரோமம் முளைக்கிற நெருக்கக் காட்சியை எப்படிச் செய்தார் என்றால், போலித் தோலில் நீள முடியை வைத்து, அதை உள்பக்கமாக இழுத்துப் படம்பிடித்து, பிற்பாடு பின்னோக்கி ஓட்டினார்கள். அதே 1981-இல் வந்த ஜோ டான்டேயின் 'தி ஹவ்லிங்' படத்துக்கு முதலில் ஒப்புக்கொண்டவரும் பேக்கர்தான். லண்டன் படம் வந்ததும் அதை ராப் பாட்டினிடம் விட்டுவிட்டுப் போனார். பாட்டின் தோலுக்கு அடியில் காற்றுப் பைகளை வைத்து ஊதி முகத்தைக் கொப்புளிக்க வைத்தார். 2010-இல் வந்த 'தி வுல்ஃப்மேன்' படத்திலும் ஒப்பனை பேக்கர்தான், அதற்கும் ஆஸ்கர் வாங்கினார், ஆனால் உருமாறும் கட்டத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டார்கள். எடையே தெரியாது அதில். ஒரு நடிகன் நிஜமாக மூச்சுமுட்டுவதை நம் உடம்பு கண்டுபிடித்துவிடும்.

ஆனால் ஒரு திருத்தம். 2025 படத்தின் முகத்தைச் செய்ததும் கைவேலைதான், அதை இருட்டில் எடுத்தார்கள் என்று வேண்டுமானால் குறை சொல்லுங்கள்.

கிழக்குவாசல்:

தோல் வியாதி வந்தவன் மாதிரி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், வியாதிதான். அந்தப் படமே அதைப் பற்றித்தான்.

ஆரிகன் காட்டில் ஒரு வீடு, புருஷன், மனைவி, பிள்ளை, ஒரே இரவு. கேமரா அவள் பக்கம் இருக்கும்போது அவன் தொண்டையிலிருந்து உறுமல்தான் வருகிறது. மெல்ல அவன் பக்கம் வருகிறது, வெளிச்சமே மாறிப்போகிறது, இப்போது அவள் பேசுவதுதான் குழறலாகக் கேட்கிறது. இரண்டு பேரும் ஒரே அறையில், கையெட்டும் தூரத்தில்.

என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. காபி வேண்டுமா என்று கேட்டால் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் கோபத்தில் டம்ளரைத் தட்டிவிட்டார், சூடாக அம்மாவின் கைமேல் கொட்டியது. கொட்டிவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது, கண்ணைப் பார்த்தாலே தெரியும், ஆனால் வருத்தப்படுகிறேன் என்று சொல்ல அவரிடம் வார்த்தை இல்லை. அம்மா கையைக்கூடக் கழுவாமல் முந்தானையால் அவர் வாயைத்தான் துடைத்தாள். அந்தப் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். உங்களுக்கு ஓநாய் போதவில்லை, எனக்கு அதுவே அதிகம்.

நடுநிசிக் காட்சி:

அந்த வரியை அப்படி எழுதியிருக்கக் கூடாது, மன்னித்துக்கொள்ளுங்கள். அந்தக் குரல் மாறுகிற காட்சிகள் நல்ல காட்சிகள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் என் வாதத்தை விடமுடியவில்லை. உங்கள் அப்பா ஒரு தப்பும் செய்யவில்லை. நோயாளிமேல் குற்றம் கிடையாது. ஓநாய் மனிதனுக்குள் பசி இருக்கிறது, அதைவிட மோசம், அதில் சுகமும் இருக்கிறது. கொலை செய்த மறுநாள் காலை டேவிட் லண்டன் மிருகக்காட்சிசாலையில் ஓநாய்க் கூண்டுக்குள் அம்மணமாக எழுந்திருக்கிறான், வீட்டுக்கு வந்ததும் உடம்பு என்ன சுகமாக இருக்கிறது என்று குதிக்கிறான். ஆறு பேரைக் கொன்ற உடம்பு அது. மைக் நிகோல்ஸின் 'வுல்ஃப்' (1994) படத்தில் ஜாக் நிக்கல்சன் நியூயார்க்கில் ஒரு பதிப்பக ஆசிரியர், வேலையும் போய் மனைவியும் போன மனிதர். கடி பட்டதும் மூக்குக்கண்ணாடி தேவைப்படவில்லை, சக ஊழியர் காலையிலேயே குடித்திருப்பது மோப்பத்தில் தெரிகிறது, துரோகம் செய்தவனின் ஷூமேல் சிறுநீர் கழிக்கிறார். வயதாகிக்கொண்டிருக்கிற ஒருவனுக்கு அது எவ்வளவு ஆசையாக இருக்கும்! நோய் என்று சொன்ன கணத்தில் இந்த ஆசையும் அதற்கான பொறுப்பும் சேர்ந்தே காணாமல் போய்விடுகின்றன.

தேன்மொழி:

ஆசை சரி. யாருடைய ஆசை என்று பார்த்தால் எல்லாப் படத்திலும் ஆண்பிள்ளையின் ஆசையாகவே இருக்கிறது.

நீல் ஜோர்டன் இயக்கி, அவரும் ஏஞ்சலா கார்ட்டரும் சேர்ந்து எழுதிய 'தி கம்பனி ஆஃப் வுல்வ்ஸ்' (1984) பாருங்கள். கல்யாண ராத்திரியில் வெளியே போகிற மாப்பிள்ளை திரும்பவே இல்லை. வருஷங்கள் கழித்து வந்து பார்த்தால் அவளுக்கு வேறு புருஷன், குழந்தைகள். கோபத்தில் தன் முகத்தோலைத் தானே பிய்த்துக்கொண்டு ஓநாயாகிறான். இரண்டாவது புருஷன் தலையை வெட்டுகிறான், தலை பால் தொட்டிக்குள் விழுகிறது. வெள்ளைப் பாலிலிருந்து மெல்ல மேலே வருவது அந்தப் பழைய மாப்பிள்ளையின் முகம். அவள் அதை என்ன கனிவோடு பார்க்கிறாள் தெரியுமா? ரப்பர்முகம் அண்ணாவுக்கு அந்த ஒப்பனை பழசாகத் தெரியலாம், எனக்கு அந்தப் பால் போதும்.

பொறுப்பு என்று சொன்னீர்களே, பிரேசிலில் ஜூலியானா ரோஜாஸும் மார்கோ துத்ராவும் எடுத்த 'குட் மேனர்ஸ்' (2017) முழுக்க அதுதான். சாவோ பாவ்லோவில் பணக்காரக் கர்ப்பிணி ஆனா, அவளைப் பார்த்துக்கொள்ள வருகிற கிளாரா. பிரசவத்தில் ஆனா இறந்துபோக, அந்த ஓநாய்க் குழந்தையை கிளாராதான் எடுத்து வளர்க்கிறாள். கறியே கொடுப்பதில்லை. பௌர்ணமி வந்தால் பையனைச் சின்ன அறைக்குள் கொண்டுபோய்ச் சங்கிலியில் கட்டுகிறாள், விடிந்ததும் அவிழ்க்கிறாள். மாதா மாதம். குற்றமே செய்யாத குழந்தையைக் கட்டிப்போடுகிறவளுக்குக் குற்ற உணர்வு இல்லையா?

ரப்பர்முகம்:

1941 படத்தை யாரும் சொல்லவில்லையே. கர்ட் சியோட்மாக் எழுதிய 'தி வுல்ஃப் மேன்'. நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதர் அவர். அடுத்துச் சாகப்போகிறவரின் உள்ளங்கையில் நட்சத்திரம் தெரியும் என்று அந்தப் படத்தில் வைத்தார். முடிவில் ஓநாயை வெள்ளிப் பிடி போட்ட கைத்தடியால் அடித்துக் கொல்வது அவன் அப்பா, தன் மகனைத்தான் அடிக்கிறோம் என்று தெரியாமலே. பக்கத்தில் இருப்பவர் கதை அன்றைக்கே இருந்திருக்கிறது.

நடுநிசிக் காட்சி:

பிரேசில் படம் நான் பார்த்ததில்லை, சனிக்கிழமை பார்க்கிறேன். சங்கிலி விஷயத்தில் உங்களுக்குப் பதில் இல்லை தேன்மொழி. ஆனால் அலெக்ஸை லண்டன் படம் கைவிட்டுவிட்டது என்பதை ஏற்கமாட்டேன். போலீஸ் தடுத்தும் கேட்காமல், கடைசியில் ஓநாய் மாட்டிக்கொண்ட சந்துக்குள் போகிறாள், ஓநாயின் முகத்துக்கு நேராக நின்று உன்னைக் காதலிக்கிறேன் என்கிறாள். ஒரு நொடி அது அசையாமல் நிற்கிறது.

தேன்மொழி:

அந்த ஒரு நொடி அது டேவிட்டா? அப்புறம் பாய்ந்துவிடுகிறதே அண்ணா. டேவிட் இருக்கிறான் என்று அவளும் நாமும் நினைத்துக்கொள்கிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கிழக்குவாசல்:

டேவிட்தான். அந்தப் பார்வையை நான் வீட்டில் பார்த்திருக்கிறேன்.