கட்டுநாயக்காவிலிருந்து ரொறன்ரோ: அம்மாவுக்கு எந்த வழி நல்லது?

உறவுகளுக்கு வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். எழுபது தாண்டிய என் அம்மா தை மாதம் தனியாக ரொறன்ரோவுக்குத் தங்கையிடம் போகிறார். நேர்கோட்டில் பார்த்தால் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். நேரடி விமானம் கிடையாது.

டுபாய் வழி போனால் முதலில் ஐந்து மணித்தியாலம் வரை, பிறகு ஒரே இருப்பில் பதினான்கு மணித்தியாலம். லண்டன் வழியென்றால் பதினொன்று, பிறகு எட்டு. மொத்தப் பறப்பு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எனக்கென்னவோ லண்டன் வழியே மேலென்று படுகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி. நீண்ட நேரம் உட்கார்ந்தால் கால் வீங்கிவிடும்.

பயண முகவரோ மலிவு, மலிவு என்று டுபாயையே காட்டுகிறார். அவர் எழுதித் தந்த துண்டில் இரண்டு ஊர் நேரமும் கலந்து கிடக்கிறது. குளிர்காலத்தில் பத்தரை மணித்தியால வித்தியாசம். அதைக் கூட்டாமல் பார்த்தால் பயணம் பாதியாகத் தெரியும்!

வயதானவர்களை அண்மையில் அனுப்பியவர்கள் சொல்லுங்கள்: சக்கர நாற்காலி உதவி இடைத்தங்கலிலும் ஒழுங்காகக் கிடைக்கிறதா? கனடா விசா இருந்தால் லண்டனில் விமானம் மாற வேறு விசா வேண்டுமா? இன்சுலின் போடும் நேரத்தை எப்படி மாற்றிக்கொண்டீர்கள்? வைத்தியரிடமும் கேட்பேன், ஆனாலும் அனுபவப்பட்டவர்கள் சொன்னால் தெம்பு. அடுத்த வாரத்துக்குள் டிக்கெட் எடுக்க வேண்டும்.